ஒரே கணக்கில் இரண்டு வீடு

ஜாக்சன் வீட்டை விட்டுப் போன பிறகும் அவன் எடுக்கும் படங்கள் வருவது நிற்கவில்லை.

அவன் போன மறுநாள் காலை, அவன் மனைவி ஹெலினா கட்கி ஸ்டேஷனில் லோக்கல் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். மகள் டானியாவின் பஸ் பாஸை முன்தினம் படம் எடுத்து வைத்திருந்தாள். அதைத் தேடிப் போனைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மெத்தை இருந்தது. காலி அறை, வெறும் தரை, பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒற்றை மெத்தை. அதற்கு அடுத்து கம்பி போட்ட ஒரு ஜன்னல். அதற்கும் அடுத்து, ஏதோ கட்டிடத்தின் லிஃப்ட் குழி.

பார்த்தாள். பிறகு விரலால் தள்ளி, பஸ் பாஸைக் கண்டுபிடித்து டானியாவுக்கு அனுப்பிவிட்டு, வந்த வண்டியில் ஏறி சிவாஜிநகர் போய், எட்டாம் வகுப்புக்குப் பருவக்காற்றுப் பாடம் நடத்தினாள்.

இரண்டு பேர் படங்களும் வந்து சேரும் அந்தக் கணக்கைத் தொடங்கியது அவள்தான். டானியா பிறந்து ஒரு வருஷம் ஆனபோது கட்கி பஜாரில் யாரோ ஜாக்சனின் போனை அடித்துவிட்டார்கள். குழந்தையின் முதல் பல், முதல் அடி எல்லாம் அந்தப் போனோடு போயிற்று. ஜாக்சன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையைக்கூட விட்டுவிட்டு ஜூனா பஜாரில் திருட்டு போன் விற்பவர்களிடம் அலைந்தான். கிடைக்கவில்லை. புதுப் போன் வாங்கிய அன்றே ஹெலினா ஒரு கணக்கைத் திறந்து இரண்டு பேர் போனிலும் போட்டாள். பின்னால் வந்த டேப்பிலும், வீட்டுக் கம்ப்யூட்டரிலும், பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரிலும் அதே கணக்குதான். "ஒரு எடத்துல இருக்கிறது எல்லா எடத்துலயும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். ஜாக்சனின் போனில் இடம் போதாது என்று, பழைய படங்கள் போனைவிட்டுப் போய் மேலே கணக்கில் மட்டும் இருக்கும்படி செட்டிங்கும் போட்டுக் கொடுத்தாள். அவனுக்கு அதெல்லாம் புரியாது. அவனைப் பொறுத்தவரை எடுத்த படம் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது, கேட்டால் வருகிறது, அவ்வளவுதான்.

ஜாக்சன் லிஃப்ட் பொருத்தும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். தினமும் குழி, தண்டவாளம், போல்ட், மோட்டார் அறை என்று படம் எடுத்துத் தள்ளுவான். அதெல்லாமும் இந்தக் கணக்கில்தான் வந்து விழும். டானியா கேக் வெட்டுவதற்கும் ஈஸ்டர் அன்று மூவரும் சபை வாசலில் நிற்பதற்கும் நடுவில் கிரீஸ் படிந்த கம்பி வடங்கள் தொங்கும். ஆரம்பத்தில் ஹெலினா அலுத்துக்கொண்டாள். பிறகு அது வீட்டுச் சத்தம்போல ஆகிவிட்டது.

அவள் பிறந்து வளர்ந்ததும் கட்கிதான். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து வெடிமருந்து ஃபேக்டரியில் சேர்ந்த குடும்பம். அப்பா ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பஜாருக்குப் பின்னால் இந்த ஃபிளாட்டை வாங்கினார். அவருக்குப் பிறகு அது ஒரே மகளான ஹெலினாவுக்கு வந்தது. ஜாக்சன் சபையின் வாலிபர் கூட்டத்தில் கிடார் வாசித்தவன். இரண்டு வீட்டிலும் யாரும் மறுக்கவில்லை. இதுவரை இருந்த வாழ்க்கையில் சண்டை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடந்ததில்லை.

மழை மாதத்தில் ஒரு சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்து, கால் கழுவி, டீ குடித்துவிட்டுச் சொன்னான்.

"ஹெலன், நான் கொஞ்ச நாள் தனியா இருக்கலாம்னு பாக்கிறேன். கோந்த்வாவுல ஒரு ரூம் சொல்லி வெச்சிருக்கேன்."

"எப்ப?"

"இன்னிக்கே."

அவள் எழுந்து பால்கனிக் கொடியில் கிடந்த அவன் சட்டைகளை எடுத்து வந்து மடித்தாள். இரண்டு இன்னும் ஈரமாக இருந்தன. "இது காயல. அங்க போய் கொஞ்சம் காத்துல போடுங்க" என்று தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக் கொடுத்தாள். டானியா டியூஷன் முடிந்து வந்தபோது அவன் போயிருந்தான்.

அழுகை வரும் என்று ஹெலினா எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபமும் வரவில்லை. சமைத்தாள், துணி துவைத்தாள், பேப்பர் திருத்தினாள். சபையில் பாஸ்டர் அம்மா விசாரித்தபோது, "கோந்த்வா பக்கம் சைட் ஆன்ட்டி, தினம் போயிட்டு வர முடியல" என்றாள். பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல்கூட இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல வாயிலிருந்து வந்தது.

உண்மை தெரிந்தவள் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலிக்காரி வைஜயந்தி மட்டும்தான். மராட்டி டீச்சர். டப்பாவைத் திறந்து சாபுதானா கிச்சடியை நகர்த்தி வைத்துவிட்டு, "கோணி ஆஹே கா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். யாராவது இருக்கிறாளா என்று.

"நாஹீ" என்றாள் ஹெலினா.

அது ஊகத்தில் சொன்ன பதில் இல்லை. வந்த படங்களை இரண்டு விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்திருந்தாள். ஒரு தட்டு. ஒரு டம்ளர். கதவோரம் ஒரு ஜோடி செருப்பு. கொடியில் ஒரு துண்டு. பிறகு ஜன்னலுக்கு நீலத் திரை வந்தது. ஆஸ்திரேலியா வடிவில் கருகிய ஒரு சப்பாத்தி வந்தது. அதைச் சுட்டவன் அதைப் படமும் எடுத்திருந்தான். தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு வெள்ளைப் பூனை, பிறகு அதே பூனை ஜன்னலுக்கு உள்ளே, பிறகு மெத்தை மேல். இவற்றுக்கு நடுவே எப்போதும்போல லிஃப்ட் குழிகள். வேறு ஒருத்தி இருந்திருந்தால் கோபப்படுவதற்காவது ஒரு முகம் கிடைத்திருக்கும். அவன் யாருக்காகவும் போகவில்லை. ஒரு மெத்தைக்கும் ஒரு ஜன்னலுக்கும் போயிருந்தான்.

அவன் போனைக் கணக்கிலிருந்து கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் அதைச் செய்து கொடுப்பவளே அவள்தான். இன்றைக்கு வேண்டாம் என்று தினமும் தோன்றியது. அவள் எடுக்கும் படங்களும் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தன: டானியாவின் மார்க் ஷீட், கேஸ் புக்கிங் ரசீது, சபையில் அறுவடைப் பண்டிகைக்குக் கட்டிய தோரணம். அவன் பார்க்கிறானா என்று அவளுக்குத் தெரியாது. அவன் பார்க்கட்டும் என்று எதையும் எடுக்கவுமில்லை, பார்த்துவிடக் கூடாதே என்று எதையும் எடுக்காமல் விடவுமில்லை.

தீபாவளி லீவு முடிந்த வாரத்தில் படங்கள் நின்றன. ஒரு நாள் ஒன்றும் வரவில்லை. மறுநாளும் இல்லை. காய்ச்சலாக இருக்குமோ என்று ஸ்டேஷனில் நிற்கும்போது நினைத்தாள். வண்டி வந்ததும் மறந்துபோனாள்.

காரணம் பள்ளிக்கூடத்தில் தெரிந்தது. எட்டாம் வகுப்பு யூனிட் டெஸ்ட். புவியியல் கேள்வித்தாளில் கோதாவரியும் பீமாவும் வரைபடத்தில் இடம் மாறியிருந்ததை முந்தின சாயங்காலம்தான் கவனித்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் சரிசெய்து சேமித்திருந்தாள். காலையில் ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் அது தானாக வந்து நிற்கும் என்று நம்பி, திறந்துகூடப் பார்க்காமல் ஆபீசுக்கு பிரிண்ட் எடுக்கச் சொல்லிவிட்டாள். வந்தது பழைய தாள். பிள்ளைகள் எழுத ஆரம்பித்த பிறகு முன் பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள்.

"மிஸ், பீமா நாசிக்லயா உற்பத்தி ஆகுது?"

பிரின்சிபால் கூப்பிட்டுக் கேட்டார். ஹெலினா "சாரி மேடம்" என்றாள். "உங்களுக்கு இப்படி நடந்ததே இல்லையே, உடம்பு சரியில்லையா?" என்று அவர் கேட்டதற்கும் "சாரி மேடம்" என்றே சொன்னாள்.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்து பார்த்தபோது கம்ப்யூட்டர் மூலையில் ஒரு சிவப்புக் குறி இருந்தது. கணக்கில் இடம் நிறைந்துவிட்டது. இனி எதுவும் எங்கேயும் போகாது. வீட்டில் திருத்தியது வீட்டிலேயே நின்றுவிட்டது. கோந்த்வாவில் எடுத்தது கோந்த்வாவிலேயே. கூடுதல் இடம் வாங்கலாம் என்று ஒரு பட்டன் கண் சிமிட்டியது. அதற்குள் நுழைந்து படித்துப் பார்க்கக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

போனை எடுத்துப் படங்களைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தாள். லிஃப்ட் குழி, லிஃப்ட் குழி, போல்ட், மெத்தை, பூனை, மோட்டார், திரை, சப்பாத்தி. விரலை அழுத்தி வைத்து இழுத்தால் வரிசை வரிசையாக டிக் விழுந்தது. டானியா இருக்கும் படங்களை மட்டும் தாண்டிப் போனாள். பள்ளிக்கூட இடைவேளையில் வெண்டைக்காய் நறுக்குகிறவள்போல அதைச் செய்தாள். கடைசியில், இவை எல்லாக் கருவிகளிலிருந்தும் நீங்கும், சரியா என்று போன் கேட்டது. அந்த வாக்கியத்தை அவள் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள். இங்கே அழிச்சா அங்கேயும் போயிடும், பாத்து பண்ணுங்க என்று. சரி என்று அழுத்தினாள்.

குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும் என்று இன்னொரு வரி வந்தது. அதற்குள் பீரியட் மணி அடித்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சாயங்காலம் கட்கி பஜாரில் மேத்திக்கீரை பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜாக்சன். போன பிறகு அவன் டானியாவிடம்தான் பேசுவான். ஹெலினாவுக்கு இதுவே முதல் முறை.

"ஹெலன், உன் போன் சரியா இருக்குதா?"

"இருக்குதே. ஏன்?"

"என்னுதுல பழைய சைட் படம் எல்லாம் காயப். ஒண்ணு கூட இல்ல. ஏரவாடா சைட்டுக்கு நாளான்னிக்கு இன்ஸ்பெக்டர் வரான். செவுத்துக்குள்ள போட்ட போல்ட் எல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். இப்ப மேல பூசியாச்சு. படம் இல்லன்னா ஒடச்சிக் காட்டுன்னுதான் சொல்லுவான். யாராச்சும் ஹேக் பண்ணியிருப்பானா?"

"நான்தான் எடுத்துட்டேன்."

"எத?"

"உங்க படத்த. எடம் இல்லன்னு எல்லாம் நின்னுபோச்சு. ஸ்கூல்ல கொஸ்டின் பேப்பர் தப்பா போயிடுச்சு. அதான்."

அந்தப் பக்கம் டிரில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் தள்ளிப் போயிற்று. அவன் எங்கேயோ நடந்து போய் நின்றிருக்க வேண்டும்.

"என் படம் உனக்கு வருதா?"

"எப்பவும் வந்துகினுதானே இருக்குது. ஒரே அக்கவுண்ட்தானே."

"ரூமும்?"

"ம்."

"பூனையும்?"

"ம்."

கீரைக்காரி "தாயீ, ஏக் ஜுடீ கீ தோன்?" என்று கேட்டாள். ஹெலினா ஒரு விரலைக் காட்டினாள். ஒரு கட்டு.

"இத்தன நாளா பாத்துகினு இருந்தியே, ஒரு வார்த்த சொல்லலாமில்ல?"

"சொல்றதுக்கு இன்னா இருக்குது?"

அவள் கீரைக் கட்டைப் பையில் போட்டுக் காசு கொடுத்தாள்.

"குப்பைத்தொட்டியில இருக்கும். நான் அத காலி பண்ணல" என்றாள் அவள். "வீட்டுக்குப் போய் திருப்பிப் போட்டுடறேன். போல்ட் வந்துடும்."

வீட்டில் முதல் வேலையாகப் பள்ளி ஆண்டுவிழா வீடியோக்களை ஒரு பென் டிரைவில் இறக்கிவிட்டுக் கணக்கிலிருந்து நீக்கினாள். இடம் வந்தது. பிறகு தொட்டியைத் திறந்து எல்லாவற்றையும் திருப்பினாள். கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தன. டானியா பின்னால் வந்து நின்றாள். பதினைந்து வயது, இங்கிலீஷும் ஹிந்தியும் தண்ணீராக ஓடும், தமிழ் மட்டும் கல்லில் இடறும்.

"மம்மி, இது டாடியோட ரூமா?"

"ஆமா."

"ரொம்ப சின்னதா இருக்கான்." கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவனுக்கு ஃபேன் இல்ல?"

வேறு நாளாக இருந்தால், டாடியை அவன் என்று சொல்லாதே, ரூம் இருக்கான் இல்லை இருக்கு என்று ஹெலினா திருத்தியிருப்பாள். "மேல இருக்கும். படத்துல வரல" என்று மட்டும் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் படங்களைப் பார்த்துத் திருப்தியாகப் போய்விட்டதாக டானியாவுக்கு ஜாக்சன் செய்தி அனுப்பினான். கூடவே, ஞாயிற்றுக்கிழமை வரலாமா, இந்தக் கணக்கைப் பிரித்துக்கொள்ளலாம் என்று மம்மியிடம் கேள் என்றும் சொல்லியிருந்தான்.

வந்தான். சாவி அவனிடம் இருந்தும் மணி அடித்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், முகம் தெளிவாக இருந்தது. ஹெலினா அதைக் கவனித்தாள். கோழிக் குழம்பு ஏற்கெனவே அடுப்பில் இருந்தது. மூன்று தட்டு வைத்தாள்.

சாப்பிட்டு முடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவன் பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்தாள்.

"டானியா படமெல்லாம் எனக்கும் வேணும்" என்றான் அவன்.

"எல்லாமே ரெண்டு பேருக்கும் போகட்டும். பிரிச்சிகினு உக்காந்தா முடியாது."

"லிஃப்ட் படம் உனக்கு எதுக்கு?"

"இருந்துட்டுப் போகட்டும்."

நகல் ஆரம்பித்தது. ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. டானியா உள்ளறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். கோடு பாதிகூட வரவில்லை. பேசாமல் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

"அங்க இன்னா இருக்குது?" என்று ஹெலினா கேட்டாள். குற்றம் சாட்டும் குரலில்லை; புது வீடு பார்த்து வந்தவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல." அவன் நெற்றியைத் தேய்த்தான். "உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல ஹெலன். சத்தியமா இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அங்க படுத்தா தூக்கம் வருது. அவ்ளோதான். இங்க எனக்கு ரெண்டு வருஷமா தூக்கமே இல்ல. உனக்கு அது தெரியுமா?"

"தெரியும். கிச்சன்ல போய் உக்காந்துகுவீங்க. ஃப்ரிட்ஜ தெறந்து மூடுவீங்க."

"நீ தூங்கிட்டேன்னு நெனச்சேன்."

"நானும் முழிச்சிகினுதான் இருந்தேன்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "எழுந்து வந்திருக்கலாமே."

"நீங்களும் எழுப்பியிருக்கலாம்."

சொல்லிவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். இது பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரே கட்டிலில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடந்திருக்கிறார்கள். தெரிந்ததே தவிர, அது உள்ளே எங்கேயும் போய்த் தொடவில்லை. ஜாக்சனுக்குத்தான் கண் கலங்கியது. அவன் கைக்குட்டையைத் தேடினான். அவள் மேஜை மேலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் கோடு முடிந்தது. கடைசியாக அவன் போனிலிருந்து பழைய கணக்கைக் கழற்ற வேண்டும். அவன் போனை அவள் பக்கம் நீட்டினான்.

"நீயே பண்ணிடு. நான் பண்ணா ஏதாவது ஆயிடும்."

நீக்கவா என்று போன் கேட்டது. அழுத்தினாள். படங்கள் இருந்த இடம் வெள்ளையாகப் போயிற்று. புதுக் கணக்கைப் போட்டாள். சற்று நேரம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு, அவன் படங்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன.

"ராத்திரிக்குள்ள எல்லாம் வந்துடும். வைஃபை இருந்தா போட்டு வைங்க."

"கீழ் வீட்டுக்காரர் பாஸ்வேர்டு குடுத்திருக்கார்" என்றான். டானியாவின் அறை வாசலில் நின்று அவள் காலைத் தட்டிவிட்டுச் சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டினான். வீட்டுச் சாவியைத் தரட்டுமா என்பதுபோல எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டான். ஹெலினா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கணக்கில் அவள் படங்கள் மட்டும் வந்தன. கரும்பலகை, கரண்ட் மீட்டர், மாத்திரை அட்டை. ஜாக்சன் திரும்பி வரவில்லை. கோர்ட்டுக்கும் யாரும் போகவில்லை. இரண்டாம் சனிக்கிழமைகளில் டானியா பஸ் மாறி கோந்த்வா போய் வருகிறாள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவன் வந்து அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தான். ஆராதனை முடிந்து பாஸ்டர் அம்மா, "சைட் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டபோது, "சைட் இல்ல ஆன்ட்டி. தனியா இருக்கார்" என்றாள் ஹெலினா. அந்த அம்மாவின் கை அவள் தோளில் விழுந்தது. கேக்குத் தட்டு கைமாறி வந்தது. ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு நகர்த்தினாள்.

கிறிஸ்துமஸ் லீவில் டானியாவின் போனிலும் ஹெலினா தன் கணக்கையே போட்டுக் கொடுத்திருந்தாள். ஜனவரியில் ஒரு சாயங்காலம் டானியா அந்தப் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"மம்மி, எனக்கு அலக் அக்கவுண்ட் வேணும்."

"என்னாத்துக்கு?"

"என் போட்டோ எல்லாம் உனக்கு வர்றான்ல. டேப்ல, கம்ப்யூட்டர்ல. அது..." தமிழில் சொல் கிடைக்காமல் கையை ஆட்டினாள். "என்னோடது என்கிட்ட இருக்கணும்."

ஹெலினா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெயர், பிறந்த தேதி எல்லாம் அவளே போட்டாள். மகளின் கணக்கைப் பெற்றோர் பார்க்கும்படி வைக்க வேண்டுமா என்று ஒரு கட்டம் வந்தது. விரல் அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

"பாஸ்வேர்டு நீ போடு" என்று போனை டானியாவிடம் கொடுத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்னால் டானியாவின் நகம் கண்ணாடியில் படும் சத்தம் கேட்டது. நிறைய எழுத்து போலிருந்தது.

"ஹோ கயா" என்றாள் டானியா, முடிந்தது என்று.

ஹெலினா எழுந்து அரிசி களையப் போனாள்.